இரண்டாம் மதிப்பீட்டாளர்

— கதவைச் சாத்தாதீங்க அண்ணே. உங்க மாணவர்கள் எல்லாரும் நல்லா கேக்கட்டும்.

— நீ மாடிப்படி ஏறும்போதே கேட்டுடுச்சும்மா. முதல்ல உட்காரு.

— உட்கார வரல. காலையில நிதிக்குழுவிலேருந்து கடிதம் வந்திருக்கு. என் ஆராய்ச்சிக்குப் பணம் கிடையாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆய்வகத்தைக் காலி பண்ணுன்னு இயக்குநர் சொல்லிட்டார். ஆறு வருஷமா உறைய வச்சுப் பாதுகாத்த புரதத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? என் வீட்டு ஃப்ரிட்ஜ்லயா?

— கேள்விப்பட்டேன். எனக்கும் வருத்தம்தான்.

— பண்றதையும் பண்ணிட்டு வருத்தம் வேறயா?

— நான் என்னம்மா பண்ணேன்?

— கடிதத்தோட ‘இரண்டாம் மதிப்பீட்டாளர்’னு பேர் போடாம ஒரு கருத்து வந்திருக்கே, அதை எழுதினது நீங்கதானே? மூளை செல்லோட சவ்வுல புதைஞ்சு கிடக்கிற புரதத்தைக் கையால எடுத்துப் பார்த்தவங்க, அந்தக் குழுவுல உங்களை விட்டா யார் இருக்கா?

— என்ன எழுதியிருக்கு? படி, கேப்போம்.

— ‘விண்ணப்பதாரர் இப்புரதத்தின் முப்பரிமாணப் படத்தை முதலில் சமர்ப்பித்தால், நிதி வழங்குவது குறித்துப் பரிசீலிக்கலாம்.’ அந்தப் படத்தை எடுக்கத்தானே அண்ணே காசே கேக்கிறேன்.

— அப்புறம்?

— ‘சவ்விலிருந்து பிரிக்கச் சோப்பு சேர்ப்பதால் புரதம் குலைகிறது எனில், சோப்பைத் தவிர்க்கலாமே.’ என்ன, சிரிப்பு வருதா? சிரிங்க, தாராளமா சிரிங்க. வலிப்பு வர்ற பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை என் புரதத்துல எந்த மூலையில போய் ஒட்டுதுன்னு பார்க்க, இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் கேட்டேன். அதுல மண்ணைப் போட்டுட்டு உங்களுக்குச் சிரிப்பு.

— பாரும்மா. சோப்பு இல்லாம அது சவ்வை விட்டு வெளியவே வராது. நீயும் நானும் குளிரறையில ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எத்தனை சோப்பை மாத்தி மாத்திப் பார்த்திருப்போம். அது தெரிஞ்சவன் இப்படி எழுதுவானா?

— மாட்டிக்கக் கூடாதுன்னா எழுதுவார். அதே குளிரறையில கைவிரல் மரத்துப்போக நான் எடுத்த புரதம் அது. கட்டுரை வந்தப்போ முதல் பேரு உங்களுது. அன்னிக்கும் இதே மாதிரிதான் ஒண்ணும் தெரியாத முகத்தோட உட்கார்ந்திருந்தீங்க.

— அது தப்புதான்.

— என்னது?

— நம்ம பேராசிரியர் என் பேரை முன்னாடி போட்டார், நான் வாயைத் திறக்கல. நியாயமா அது உன் இடம். ஒன்பது வருஷமா இதை உன்கிட்ட சொல்ல எனக்குத் துணிச்சல் வரல. அதுக்கு நீ எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கிறேன். இதுக்கு மட்டும் திட்டாதே, இதை நான் எழுதல.

— எழுதலேன்னே இருக்கட்டும். குழுவுல உட்கார்ந்து என்னதான் கிழிச்சீங்க? அந்த மேதாவிங்களுக்குச் சோப்புன்னா என்ன, சவ்வுன்னா என்னன்னு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய்க்குப் பூட்டா போட்டாங்க?

— பட்டியல்ல உன் தலைப்பைப் பார்த்ததும், இந்தத் தடவையாவது உனக்காகப் பேசிடணும்னுதான் போனேன். உன் முறை வந்தப்போ தலைவர் என்னை எழுந்து வெளியே போய் நிக்கச் சொல்லிட்டார்.

— உங்களை எதுக்கு வெளியே அனுப்பணும்?

— உன் விண்ணப்பத்தை யார் பார்க்கக் கூடாதுன்னு நீ எழுதுறதுக்கு அதுல ஒரு கட்டம் இருக்குல்ல.

— அதுல நான் ஒண்ணுமே எழுதலையே. அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கல.

— அதான்மா. நீ திறந்து பார்க்கலேன்னா, முதல் தடவை விண்ணப்பிச்சப்போ எழுதினதையே நிதிக்குழுவோட இணையதளம் தானா நிரப்பிக்கும். கட்டுரை வந்த வருஷம் கோபத்துல என் பேரை எழுதியிருக்கே, இன்னும் அதுல அப்படியே இருக்கு.