மெக்னீசியத்தின் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள்

பொங்கோல் நிலையத்தில் ரயிலேறிய இளம் தம்பதி என் எதிரே அமர்ந்திருந்தார்கள். "இன்னைக்கும் கெமிஸ்ட்ரி பேப்பர் போச்சுன்னா நர்சிங் கோர்ஸ் கிடைக்காதுங்க," என்றாள் மனைவி.

"மெக்னீசியத்துக்குப் பன்னிரண்டு எலக்ட்ரான். கடைசி ஷெல்ல எத்தனை?" என்று கேட்டான் கணவன்.

"நாலு."

"அய்யோ! முதல் ஷெல்ல ரெண்டு, அடுத்ததுல எட்டு. மிச்சம்?"

"ரெண்டு."

"கடைசி ஷெல்லை எட்டாக்க இன்னும் ஆறு வாங்குமா?"

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "எதுக்கு ஆறு வாங்கணும்? அந்த ரெண்டையும் கொடுத்துட்டா, உள்ள இருக்கிற எட்டு போதுமே லா!"

அவன் பதில் சொல்லுமுன் அவள் இறங்க வேண்டிய டோபி காட் நிலையம் வந்துவிட்டது. அவனும் எழுந்தான்.

"நீங்க வராதீங்க. உங்களைப் பார்த்தாலே பயமா இருக்கு," என்று சொல்லித் தனியாக இறங்கினாள்.

கதவு மூடியது. "சரியாத்தான் சொன்னே," என்றான் அவன், கதவுக் கண்ணாடியைப் பார்த்து.