யெல்மரின் நாற்பத்தொரு படங்கள்

கேமரா பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இடத்தை அடைக்கும், ஐயா. சுருக்கிய ஜேபெக் என்றால் அதே மெமரி கார்டில் ஐந்து மடங்கு படம் கொள்ளும். என் மகன் சீட்சே இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வான். "அம்மா, உன் கேமராவுக்கு நம்ம கறவை மாட்டைவிடப் பெரிய வயிறு."

ஆனாலும் நான் விடாப்பிடியாக ராவில்தான் எடுப்பேன். கண் தவறவிட்டதையும் அது பிடித்து வைத்திருக்கும். இருட்டாகத் தெரியும் மூலையைக் கணினியில் வெளிச்சமாக்கினால், உள்ளே இருந்தது மேலே வரும். ஜேபெக்கில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேமராவே முடிவு செய்து மிச்சத்தைக் கொட்டிவிடும். கொட்டியதைத் திரும்ப அள்ள முடியாது.

இறந்துபோன கைக்குழந்தைகளைப் பெற்றோருக்காகப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. காசு வாங்குவதில்லை. பதினோரு வருடத்தில் இந்த ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் நான் போகாத ஊர் குறைவு. கறுத்த உதட்டையும் கன்னத்துத் திட்டுகளையும் மென்மையாக்கி, ஜேபெக்காக மாற்றிக் கொடுப்பேன். தாய்மார் அந்தப் படத்தை முத்தமிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சீட்சேயின் மகன், என் பேரன் யெல்மர் இறந்தான். ஐந்து மாதம். டாக்டர் வந்து, தூக்கத்தில் நேர்ந்த சாவு என்று எழுதிக் கொடுத்தார். இங்கே எல்லோரையும் போல நாங்களும் அடக்கம் வரை வீட்டிலேயே, உடல் கெடாமலிருக்கக் குளிர்த்தட்டு வைத்த கூடையில் அவனைக் கிடத்தியிருந்தோம். மூன்றாம் நாள் நாற்பத்தொரு படங்கள் எடுத்தேன். மருமகள் மர்லூஸ் கூடையை விட்டு நகரவில்லை.

"அத்தை, ஒண்ணுகூட அழிச்சிராதீங்க. மங்கலா இருந்தாலும் பரவால்ல. எனக்கு எல்லாமே வேணும்."

சரியென்றேன்.

வீட்டுக்கு வந்து படங்களின் நிழலை வெளிச்சமாக்கினேன். சட்டை சற்று மேலேறியிருந்த ஒரு படத்தில், விலாவில் நான்கு நீலத் திட்டுகள், விரல்கள் பதிந்தது போல வரிசையாக இருந்தன. சீட்சேயின் கை அவன் அப்பாவின் கையைப் போலப் பெரியது.

அவனைக் கேட்டேன். "அழுதுக்கிட்டே இருந்தான்மா. ஒரே ஒரு தடவைதான்மா" என்று என் மடியில் விழுந்து அழுதான். பேரன் போய்விட்டான், பெற்ற பிள்ளையையும் பறிகொடுக்க என்னால் முடியவில்லை. மற்றக் குழந்தைகளுக்குச் செய்வது போலத்தான் அந்தத் திட்டுகளையும் மென்மையாக்கினேன். நாற்பத்தொரு ஜேபெக்குகளை மர்லூஸிடம் கொடுத்துவிட்டு ராவை அழித்தேன். சொன்னபடி ஒரு படம்கூடக் குறையவில்லை.

ஏழு வாரத்துக்கு முன் அவர்களுக்கு ஹிடே பிறந்தான். அவன் பிறந்ததற்குக் கொடுத்த நீலச் சோம்பு மிட்டாய் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மர்லூஸ் கூப்பிட்டாள். "அத்தை, இவனையும் நீங்கதான் எடுக்கணும்."

அதே கூடை. அதன் பக்கத்தில் நின்று, பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கேமராவை ஜேபெக்குக்கு மாற்றினேன். குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"எதுக்கு அத்தை சட்டைய இழுக்கறீங்க?" என்றாள் மர்லூஸ். பிறகு அவளே அதைத் தூக்கிப் பார்த்தாள். போலீஸுக்குப் போன் செய்து உங்களை வரவழைத்ததும் அவள்தான்.

என் மெமரி கார்டை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள். எவ்வளவு வெளிச்சமாக்கினாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. யெல்மர் விஷயத்தில் நான் மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஹிடே விஷயத்தில் எதையும் மறைக்கவில்லை, ஐயா. மறைப்பதற்கு நான் எதையும் பார்க்கவே இல்லையே.