செத்தவர் வீட்டு அரிசி

இல்லண்ணே, உள்ள வரப்படாது. அந்தப் படியிலயே குந்துங்க, கையில கொண்டாந்து தர்றேன். கஞ்சியெல்லாம் கிடையாது. மரவள்ளிக்கிழங்குதான், அதுவும் நேத்து அவிச்சது. மெல்லத் தின்னுங்கண்ணே. காஞ்ச வயிறு, அவசரப்பட்டா அப்படியே வெளிய தள்ளிரும்.

என்னக்கா? யாருமில்லக்கா! யாரோ வழிப்போக்கரு, பசின்னு வந்து நிக்கிறாரு! இந்தா, அனுப்பிடறேன்!

முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்கண்ணே. வேலிக்கு மேல எட்டிப் பாக்குது. கங்காணி ராஜரத்தினம் சம்சாரம், சீதாக்கா. இந்தக் காஜா பெராங் ஊருக்குள்ள பூனை குட்டி போட்டாக்கூட அதுக்குத் தெரிஞ்சிரும்.

என்ன, கழுத்தப் பாக்குறீங்களா? ஆமா, தாலி இல்ல. அறுத்தாச்சு. எங்க வீட்டுக்காரரு சயாமுக்கு ரயில் பாதை போடப் போனாருண்ணே. போன இடத்துல காலரா. கங்காணியே வீடு தேடி வந்து சொன்னாரு. அவரே முன்ன நின்னு காரியமும் பண்ணி வச்சாரு. நல்ல மனுசன்! சீதாக்கா காதுல விழட்டும்னுதான் சொல்றேன். நல்ல மனுசன்! செத்தவரு பேருல மாசாமாசம் எனக்கு அரிசி வருது, அவரு கையாலதான் வருது. உசிரோட இருந்தப்ப எங்க வீட்டுக்காரரு சம்பாதிச்சுப் போட்டத விட, செத்து நல்லாவே சம்பாதிக்கிறாரு. சிரிங்கண்ணே. தெருவே சிரிச்சிச்சு.

...போயிருச்சு. உப்பு குடுக்கிற இடத்துல வரிசை, இப்பத்திக்கு வராது. இனிமே மெதுவாப் பேசலாம்.

மொதல்ல அந்தக் காலு புண்ண மூடுங்க. சாக்கு தர்றேன், சுத்திக்குங்க. இந்தப் புண்ணப் பாத்தாலே எங்கேருந்து ஓடி வந்த ஆளுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

ஏன் பயப்படுறேன்னா கேக்குறீங்க? நீங்க போனப்புறம் வந்த சட்டம்ணே, உங்களுக்கு எங்க தெரியும். தெருவுக்கு இத்தனை ஆளுன்னு ஜப்பான்காரன் கேப்பான். பிடிச்சுக் குடுத்தா கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு துணி, இவ்வளவு சீனி. போன ஆளு அங்கேருந்து ஓடிட்டான்னு வைங்க, வாங்கினதத் திருப்பணும், பதில் ஆளும் குடுக்கணும். பதில் ஆளு எங்க கிடைக்கும்? ஓடினவன் வீட்டுலேருந்துதான் மொதல்ல. செத்துட்டா மட்டும் யாரும் பதில் கேக்கறதில்ல. அவனுங்களுக்கும் சாவுன்னா ஒரு மரியாதை இருக்கு பாருங்க.

கடைசி வீட்டுக் கலியாணசுந்தரம் இப்படித்தான் ஒரு நாளு காட்டு வழியா வந்து சேந்தாரு. பொண்டாட்டிக்காரி சந்தோசத்துல கத்திட்டா. ஆலாத்தி கரைச்சு வாசல்ல நிக்க வச்சுச் சுத்தினா, பைத்தியக்காரி. பொழுது சாயல, ஜப்பான்காரன் லோரி வந்துருச்சு. அவரையும் ஏத்திக்கிட்டான், ஓடினதுக்குத் தண்டனைன்னு அவரு அண்ணனையும் ஏத்திக்கிட்டான். அந்தத் தட்டு ரொம்ப நாளு வாசல்ல கவுந்தே கிடந்துச்சு. எடுக்க அவளுக்கு மனசு வரல.

அடுத்த வாரம் கங்காணி இங்க வந்தாரு. நீங்க குந்தியிருக்கிற அதே படியிலதான் குந்தினாரு. பூங்காவனம், ஒம் புருசன் ஓடிட்டானாம், தாக்கல் வந்திருக்குன்னாரு. ஓடிட்டான்னு நான் சொன்னா ஒன் தம்பி சேதுராமன் லோரி ஏறணும். செத்துட்டான்னு சொன்னா ஒனக்கு அரிசி, எனக்கும் தொல்லை இல்ல. எது வேணும் சொல்லுன்னாரு. காய்கறி விக்கிறவன் கேக்குற மாதிரி கேட்டாரு.

சேது எனக்கு ஒரே தம்பி. தெங்கேராவுல மாட்டு வண்டி ஓட்டுறான். அவன் கொண்டாந்து போடுற விறகுலயும் கருவாட்டுலயும்தான் இந்த அடுப்பு எரியுது. நான் யோசிக்கவே இல்லண்ணே. செத்துட்டாருன்னே சொல்லுங்கன்னுட்டேன்.

சும்மா சொன்னா ஜப்பான்காரன் நம்புவானா? தெரு நம்பணுமே. அதனால முறையா எல்லாம் நடந்துச்சு. பொம்பளைங்க சுத்தி உக்காந்தாங்க. சீதாக்காதான் தாலிய அறுத்துச்சு. பால்ல போடணும்ல, பாலுக்கு எங்க போறது? தேங்காப்பால்ல போட்டுச்சு. நான் நல்லா அழுதேண்ணே, எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. உசிரோட இருக்கிற ஆளுக்கு அழறது ஒண்ணும் கஷ்டமில்ல. எந்தச் சேத்துல கிடக்கிறாரோ, என்னத்தத் தின்னாரோன்னு நினைச்சா தானா வருது. அவரோட வெள்ளச் சட்டைய வண்ணாருக்குக் குடுத்தாச்சு. அதப் போட்டுக்கிட்டு வண்ணாரு இந்த வழியாப் போகும்போதெல்லாம் நான் உள்ள போயிருவேன்.

அழுவுறீங்களா? வேணாம். எனக்கு அதுக்கு நேரமில்ல.

அடடா, முழிச்சிருச்சு. இரு, இரு, கண்ணு... இருங்க, தூக்கிட்டு வர்றேன்.

இந்தா பாருங்க. பொம்பளப் புள்ளதான். பல்லு மொளைக்குது, அதான் சிணுங்குது. கமலவேணி. பொண்ணாப் பொறந்தா எங்க அம்மா பேர வைன்னு லோரியிலேருந்து கத்திட்டுப் போனீங்களே. அதத்தான் வச்சேன்.

கைய நீட்டாதீங்க. தர மாட்டேன். ஒரு தடவ தூக்கிட்டீங்கன்னா நீங்க போக மாட்டீங்க. இங்கேருந்து பாருங்க, போதும். மூக்கு ஒங்க மூக்குதான். சீதாக்காவே சொல்லுச்சு, செத்தவர அப்படியே உரிச்சு வச்சிருக்குன்னு.

தெங்கேரா பக்கம் தலை வச்சிராதீங்க. சேது ஒங்களப் பாத்தா மாமான்னு கட்டிப்பிடிச்சுக் கத்திருவான், அவனுக்கு எதுவும் தெரியாது. புக்கிட் பாரு வழியா ரப்பர் காட்டுக்குள்ள போயிருங்க. கிழங்கு மிச்சத்த மடியில கட்டிக்குங்க. இந்தா, இந்த அரிசியும். ஒங்க அரிசிதானே.

அண்ணேன்னு கூப்பிடும்போது நாக்கு கூசத்தான் செஞ்சுச்சு. பழகிரும்.

எந்திரிங்க, முக்குல சீதாக்கா தலை தெரியுது. வேணாம், எதுவும் சொல்லாதீங்க. போயிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிராதீங்க. போறேன்னு சொல்லுங்க.

...சரிங்கண்ணே! வேற வீடு பாருங்க! தினம் தினம் வந்து நின்னா நாங்க எங்க போறது!