இருநூற்றுப் பதினோராம் கணக்கு

செவிலிமேட்டில் பிறந்து, சின்ன காஞ்சிபுரத்தில் உழைத்து, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் கல்லூரிக் கதவை முதலில் திறந்தவரும் கடைசியில் பூட்டியவருமான பெருந்தகையே! கையெல்லாம் மையும் மனமெல்லாம் மாசின்மையும் கொண்ட மாண்பாளரே! சம்பளப் பட்டியலில் கடைநிலை ஊழியர் என்று எழுதப்பட்டாலும், பாலாறு டுடோரியல் கல்லூரியில் எங்கள் எல்லோர் நெஞ்சிலும் தலைநிலையில் அமர்ந்திருக்கும் தணிகாசலம் அவர்களே! வணக்கம்.

உங்கள் ஓய்வு விழாவுக்கு மடல் எழுதும் பொறுப்பை அலுவலகத்தார் எழுத்தர் கமலவேணியிடம் ஒப்படைத்தார்கள். மணி தவறாத உங்கள் வருகையையும், மழையில் நனையாமல் நீங்கள் கொண்டுவந்து சேர்த்த விடைத்தாள் கட்டுகளையும், கிரீச்சிடும் உங்கள் சைக்கிளையும் வரிசையாக எழுதலாம் என்றுதான் அவர் உட்கார்ந்தார். எழுத எழுத, பேனா 1968ஆம் ஆண்டின் முப்பத்தைந்து நாள்களை விட்டு நகரவில்லை. ஆகவே அந்த முப்பத்தைந்து நாள்களே இங்கு உங்கள் பெருமையாக நிற்கட்டும்.

கணக்கறியாமல் கணக்கு வகுப்பைக் காத்தவரே!

அந்த ஆண்டு பங்குனி மாதத் தொடக்கத்தில் நம் கணித ஆசிரியர் கலியாணசுந்தரம் மறைந்தார். சென்னை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்காகப் பதினொரு மாணவர்களைத் தயார் செய்துகொண்டிருந்தவர், வீட்டு மேசையில் அவர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மற்றப் பாடங்களுக்கு ஆள் இருந்தது. கணிதத்துக்கு இல்லை. அந்தத் தேர்வில் கணிதத்தில் சறுக்கினால் மற்றதில் ஏறி ஈடுகட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல்வர் திருஞானசம்பந்தம் அவர்கள் உங்களை அழைத்து, “சொல்லித்தர ஆளில்லாம கிளாஸ் எதுக்குப்பா? பசங்கள வீட்டுக்குப் போகச் சொல்லிடு” என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். தலையாட்டியதோடு சரி, சொல்லவில்லை. அதை இன்று முதல்வரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பிள்ளையார்பாளையத்தில், ஆசிரியரின் வீட்டு வாசலில் உங்கள் சைக்கிள் நின்றது. ஆசிரியரின் மனைவி, இன்றைய நம் எழுத்தர் கமலவேணி உள்ளறையில் இருந்தார். தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்க, அந்த வீடு மட்டும் பேச்சற்றுக் கிடந்தது.

“வாத்தியாரம்மா, சாரோட கணக்கு நோட்டு வோணும். பசங்க பதினோரு பேரும் டெய்லி வந்துக்கினுதான் இருக்குதுங்க” என்றீர்கள்.

நோட்டு இருந்தது. அதில் இருநூற்றுப் பதினொரு கணக்குகள் இருந்தன. ஒன்றுக்குக்கூட விடை இல்லை. விடையெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது. கமலவேணி அதைச் சொன்னபோது நீங்கள் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினீர்கள்.

“விடைய அப்புறம் பார்த்துக்கலாம்மா. மொதல்ல கேள்வி வோணும். நான் மெஷின் சுத்துவேன். ஸ்டென்சில்ல எழுத ஒரு கை வேணுமே?”

கமலவேணி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எழுத வரும். பொருள் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கணவரின் கையெழுத்து எந்த நெளிவில் எந்த எழுத்தாகும் என்று அவரைப்போல் அறிந்தவர் வேறு யார்? கமலவேணியின் அக்கா கங்கையம்மாள்தான் குறுக்கே வந்தார்.

“ஏம்பா, பதினாறு நேத்துதான் முடிஞ்சுது. அதுக்குள்ள பொம்பள உக்காந்து கணக்கு எழுதினா ஊரு இன்னா சொல்லும்?”

“வெளிய வரச் சொல்லலக்கா. வூட்டுக்குள்ளயே எழுதட்டும். நான் படிய மிதிக்க மாட்டேன். காகிதம் மட்டும் உள்ள போய்ட்டு வெளிய வரும். காகிதத்த ஊரு இன்னா கேக்கும்?”

கங்கையம்மாள் குறுக்கேயிருந்து விலகிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாளுக்கு ஆறு கணக்கு. படியெடுக்கும் இயந்திரத்தில் மாட்டும் மெழுகுத் தாளில் ஊசிமுனைப் பேனாவால் எழுத வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் மை இறங்காது. முதல் இரண்டு தாள்களைக் கமலவேணி கிழித்தார். மூன்றாவது நாளில் கை பழகிவிட்டது. வர்க்கமூலக் குறி, கோணக் குறி என்று பெயர் தெரியாத உருவங்களையெல்லாம் கோலம் போடுவதுபோல் இழைத்து எழுதினார். எழுதும் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

விடையில்லாத இடத்தில் விதியொன்று வகுத்தவரே!

உங்கள் ஏற்பாட்டை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பதினொருவரும் ஒவ்வொரு கணக்குக்கும் விடையை மட்டும் தனிச்சீட்டில் எழுதி உங்களிடம் கொடுக்க வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்ட நீங்கள் அந்தச் சீட்டுகளைப் பரப்பிவைத்து, உருவத்துக்கு உருவம் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். எல்லாம் பொருந்தினால் அந்தக் கணக்கு முடிந்தது. மாறுபட்டால் மாறுபட்ட சீட்டுகளை அறிவிப்புப் பலகையில் குத்துவீர்கள். அவர்கள் வாதாடித் தப்பைக் கண்டுபிடித்து ஒரே விடைக்கு வந்தால்தான் பலகையிலிருந்து இறங்கும்.

ஒரு நாள் ஆதிகேசவன் 1/√2 என்றும், அம்சா √2/2 என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் பலகைக்குப் போயின.

“அண்ணே, ரெண்டும் ஒண்ணுதாண்ணே!”

“ஒண்ணுன்னா ஒரே மாதிரி எழுதறதுதானே? ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு வேஷம்?”

“மேலயும் கீழயும் ரூட் ரெண்டால பெருக்கினா...”

“எனக்கு ரூட்டும் தெரியாது, பஸ் ரூட்டும் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டு. அதுவரைக்கும் பலகையிலதான் தொங்கும்.”

அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையில் இரண்டையும் நீளமாக வகுத்தார்கள். இரண்டும் 0.707 என்று வந்து நின்றன. நீங்கள் அருகில் போய் ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து, “ஆங், இப்ப ஒரே மாதிரி இருக்குது” என்று சீட்டுகளை இறக்கினீர்கள்.

மறுநாள் காலை வாசலில் நின்று நீங்கள் இதைச் சொன்னபோது, உள்ளேயிருந்த கமலவேணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் அது தன்னுடைய சிரிப்பு என்று அவருக்கே தெரிந்தது. கங்கையம்மாள் முறைத்தார். முறைத்தவரே பிறகு, “அப்புறம் அந்தப் பசங்க இன்னாப்பா சொன்னாங்க?” என்று வாசலுக்கு வந்தார்.

நீங்கள் தவறென்று நினைத்தது தவறல்ல. ஆனால் அந்தத் தவறான தடையால்தான், எந்த விடையையும் இன்னொரு வழியில் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது என்னும் பழக்கம் அவர்களுக்கு வந்தது. பார்த்து எழுதுகிறவர்களும் உங்களிடம் தப்பவில்லை. “விடை ஒண்ணா இருக்கலாம்பா. தப்புன்னு அடிச்ச கோடுமா ஒரே எடத்துல இருக்கும்?” என்று இருவரைப் பெஞ்சு மாற்றினீர்கள்.

முப்பத்தைந்தாம் நாள் இருநூற்றுப் பத்தும் தீர்ந்தன. மிச்சம் ஒன்று. அது பாதியில் நின்றிருந்தது. ‘(3, 4) என்னும் புள்ளி வழியே செல்லும் நேர்கோடு ஒன்று இரு அச்சுகளையும்’ என்ற அளவில் ஆசிரியரின் எழுத்து முடிந்திருந்தது. அடுத்த சொல்லுக்கு அவர் கை வரவில்லை.

“இத விட்டுடலாமாம்மா?”

“வேணாண்ணே. அவர் எங்க நிறுத்தினாரோ, அங்கயே நிறுத்தி எழுதித் தரேன்.”

எழுதித் தந்தார். மறுநாள் நீங்கள் வந்தபோது உங்கள் குரல் தாழ்ந்திருந்தது. “பதினோரு பேரும் ஆளுக்கொரு மாதிரி கேள்வியா முடிச்சு, விடையும் எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. ஒண்ணோட ஒண்ணு சேரல. ரெண்டு சீட்டாவது சேர்ற வரைக்கும் நான் இத இறக்க மாட்டேன்.”

சொன்னபடியே அது பலகையில் இருந்தது. தேர்வு முடிந்தது; முடிவும் வந்தது. ஆதிகேசவனும் இன்னொருவரும் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார்கள். நால்வர் வேறு பொறியியல் கல்லூரிகளுக்குப் போனார்கள். அம்சாவுக்கு எங்கும் கிடைக்கவில்லை. அவர் கணிதத்தில் பட்டம் பெற்று, கலியாணசுந்தரம் நின்ற அதே இடத்தில் இன்று நின்று பாடம் நடத்துகிறார். இந்த மடலை உங்கள்முன் வாசிப்பவரும் அவரே. அந்த ஆண்டு ஜூனில், “இந்தக் கைய விட்டா வேற கை கெடைக்காது சார்” என்று முதல்வரிடம் நின்று, கமலவேணிக்கு இங்கே எழுத்தர் வேலை வாங்கித் தந்தவர் நீங்கள். அவர் வேலையில் சேர்வதற்கு முன்பே, சுவருக்கு வெள்ளையடிக்கப் பலகையைக் கழற்றியபோது, அந்தப் பதினொரு சீட்டுகளையும் உங்கள் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள். அவற்றைக் காட்டும்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓய்வு என்னும் சொல்லுக்கும் வேலை கொடுக்கப்போகும் ஓயாத உழைப்பாளரே!

இனி காலையில் எங்களுக்காக எழ வேண்டாம். பாலாற்றங்கரைக் காற்றில் நடந்து, பேரப்பிள்ளைகளின் சீட்டுகளை ஒப்பிட்டு, கண்ணும் காலும் உரத்தோடு இருக்க, நிறைந்த ஆயுளை நிம்மதியாய் வாழ்ந்திருக்க வேண்டுமென்று எல்லோரும் நெஞ்சார வேண்டுகிறோம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அலுவலகம் முடிந்ததும் அம்சாவின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறார் கமலவேணி. சென்ற வாரம் யாரையும் கேட்காமல், எந்தச் சீட்டையும் பாராமல், கணவர் நிறுத்திய வரியைத் தாமே முடித்தார்: ‘இரு அச்சுகளையும் மிகைப் பக்கத்தில் சம தூரத்தில் வெட்டுகிறது. அதன் சமன்பாடு என்ன?’ விடையையும் எழுதினார்: x + y = 7. இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்துவிட்டார்.

அந்தச் சீட்டு இந்த மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் செருகியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் உங்கள் தகரப் பெட்டியைத் திறந்து, பதினொன்றோடும் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றோடு சேர்ந்தால், இருநூற்றுப் பதினொன்றை இறக்கிவிடலாம்.

இவண்,
பாலாறு டுடோரியல் கல்லூரி முதல்வர், ஆசிரியர்கள், அலுவலர்கள்
காஞ்சிபுரம், 30-4-1977

எல்லோருக்குமாக எழுதியவர்: கமலவேணி கலியாணசுந்தரம்