சுற்றும் மேசை

— மாடிப்படி இறங்கும்போதே பார்த்தேன். அது என்ன இம்புட்டுப் பெரிய பை, மகிழன் சார்?

— துணிதான் உமர் பாய். சலவைக்கு.

— சலவைக்குப் புத்தகமுமா போகுது? ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குதே...

— அதை விடுங்க. இந்த ரெண்டு தூக்குச்சட்டியையும் அவங்கவங்க வீட்டுல சேர்த்துடுங்க.

— ரெண்டா?

— நேத்து ரெண்டு வந்துச்சு. ஏழு மணிக்கு ருக்சானா வீட்டு இடியாப்பம். ஏழேகாலுக்கு சங்கிலியம்மா வீட்டுத் தட்டப்பயறுக் குழம்பு. ரெண்டு பேரும் ஒரே வசனம். 'விருந்தாளி வர்றேன்னாக, வரல. மிஞ்சிப்போச்சு.'

— அட, ரெண்டு வீட்டுலயுமா வரல!

— மூணு மாசமா இந்தத் தெருவுக்கு ஒரு விருந்தாளியும் வரல பாய். திங்கக்கிழமை மாரீஸ்வரி வீட்டுக்கு வரல. செவ்வாய்க்கிழமை நாகஜோதி வீட்டுக்கு வரல. ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி நிலோபர் வீட்டுக்கு வரல...

— உத்தமபாளையத்துல வெயிலு சாஸ்தி சார். யாரு வருவா? ஆமா... நிலோபர் பிரியாணி எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டு ரெண்டு செம்பு தண்ணி குடிக்கணும்.

— உப்புல அவ கை கொஞ்சம் தாராளம். இந்த சங்கிலியச் சொல்லணும்! வியாழக்கிழமை அமாவாசை, வெளிய குடுக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை குடுக்குறேன்னுச்சு. ருக்சானாகிட்டச் சொல்லி மாத்திக்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்...

— ஆக, முறை வச்சிருக்கீங்க.

— நான் எங்க சொன்னேன்?

— இப்பத்தான்.

— ...இந்த வாயத் தச்சு வைக்கணும்.

— நான் வகுப்புல மயங்கி விழுந்தேனே, அன்னைக்கு ஆரம்பிச்சதா?

— சங்கிலி மக ஓவியா அழுதுக்கிட்டே ஓடியாந்துச்சு. 'போர்டுல எழுதிக்கிட்டே இருந்தாக, அப்படியே சரிஞ்சுட்டாக'ன்னு. சாப்பாட்ட மறந்துட்டு வீட்டுல அப்படி என்னதேன் எழுதுவீகளோ!

— ஆராய்ச்சி பாய். ஜெர்மனிக் கிராமங்கள்ல யூதர்கள் நடத்துன பள்ளிக்கூடங்களோட வரலாறு.

— கம்பம் பள்ளத்தாக்குல உக்காந்துக்கிட்டு ஜெர்மனிப் பள்ளிக்கூடமா?

— நீங்க இங்க உக்காந்து துபாய்க்குத் திராட்சை அனுப்பல?

— அது சரி!

— இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கயும் இதே கதைதான். ஏழைச் சமுதாயம். வாத்தியாருக்குத் தினம் ஒரு வீட்டுல சாப்பாடு. 'சுற்றும் மேசை'ன்னு பேரு. பாடம் சொல்றது, தொழுகை நடத்துறது, கோழி அறுக்குறது, எல்லாம் அவரேதான்.

— பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற நம்ம மோதினாரு மாதிரின்னு சொல்லுங்க. அவருக்கு இன்னைக்கும் வீட்டுக்கு வீடு முறைச் சாப்பாடுதான?

— ஆமா. ஆனா சில வாத்தியாருக்கு அது கூச்சமா இருந்துச்சு. பிச்சை வாங்குற மாதிரி...

— ...அதுக்குத்தேன் இந்தப் பையா?

— திங்கக்கிழமை கோயம்புத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல சேரச் சொல்லியிருக்காங்க. தங்குறதுக்கு இடம், மெஸ், எல்லாம் உண்டு. நாலு மணிக்கு பஸ். மாடி ரூம் சாவி குடுக்கத்தான் வந்தேன்.

— ம்... பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. அந்தக் கதைய முடிங்க. பொறவு அந்த வாத்தியாருக என்ன ஆனாக?

— பயிற்சி முடிச்ச வாத்தியாரு, நிலையான சம்பளம்னு அரசாங்கம் சட்டம் போட்டுச்சு. சாப்பாட்டு முறை நின்னுச்சு. அந்த வாரம் ஒரு சின்னப் பொண்ணு அழுததை ஒரு வாத்தியார் குறிச்சு வச்சிருக்கார். 'செவ்வாய்க்கிழமை எங்க வாத்தியாராச்சே... எங்க வீட்டுல என்ன தப்பு?'ன்னு கேட்டாளாம்.

— யா அல்லா...

— அந்த ஒரு நாள்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பாளாம்.

— அந்தப் பள்ளிக்கூடம்லாம் இப்ப இருக்கா?

— இல்ல பாய். ஹிட்லர் காலத்துல மூடிட்டாங்க. அப்ப படிச்ச பிள்ளைங்க... எத்தனையோ பேரைக் கொன்னுட்டாங்க.

— இருங்க சார், அந்தப் பிள்ளைகளுக்காக அல்லாகிட்ட ஒரு துஆ கேட்டுக்கிறேன். நீங்க எங்கன போனாலும் எழுதுறத நிறுத்தாதீக. அந்தப் பொண்ணு கையப் பிடிச்சு நடந்தத யாராச்சும் எழுதி வைக்கணும்ல?

— எழுதுவேன் பாய்.

— இன்னொண்ணு. குடுக்குறவன் பெரியாளுன்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீக. வாங்கிக்க ஒரு ஆளு இருந்தாத்தேன் எங்களுக்கு நன்மை. ஓவியா வியாழக்கிழமையானா ஆறு மணிக்கே தலை சீவிப் பூ வச்சு, சட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கும்.

— ...பார்த்திருக்கேன்.

— எனக்கொண்ணுமில்ல. நிலோபரத்தேன் நினைக்கிறேன். பாவம், சங்கடப்படுவா. என் பொஞ்சாதி ஜன்னத்து, எங்க மக பிரசவத்துக்குன்னு ஓமன் போயி மூணு மாசமாச்சு. நான் ஒத்த ஆளு, மத்த நாளெல்லாம் ஹோட்டலு. ஞாயித்துக்கிழமை ஒரு நாளுதேன் அடுப்பப் பத்தவைக்க... நிலோபரு அடுப்பச் சொல்றேன்... சரி, மணி நாலாகப் போகுது. கெளம்புங்க சார்.

— பாய், போனை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு, 'ஜன்னத்து, ரெண்டு ஆளு பிரியாணிக்கு உப்பு எம்புட்டு?'ன்னு நீங்க கத்துறது முதல் வாரமே மாடிக்குக் கேட்டுடுச்சு. வாங்க, இந்தப் பையோட ஒரு காதைப் பிடிங்க, மேல கொண்டுபோய் வச்சிடலாம்... நாளைக்கு உப்பு மட்டும் நான் போடுறேன்.