நின்றவர்களுக்கு இருக்கை தந்த இராஜம்மா அக்காவுக்கு

கிள்ளான் செந்திரு துணிமாளிகையின் சேலைப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வுபெறும் திருமதி இராஜம்மா அவர்களுக்கு உடன்பணியாற்றுவோர் உவந்தளிக்கும் மடல்

பட்டைத் தொட்டமாத்திரத்தில் நெசவின் பாவும் ஊடையும் படித்துவிடும் பட்டறிவே! பேரம் பேச வந்தவரையும் பேத்தி கல்யாணம்வரை பேசவைத்துப் பெரிய பையோடு வழியனுப்பும் பேராற்றலே! பண்டமாரான் பஸ் தவறினாலும் பணிநேரம் தவறாத பண்பின் குன்றே! புகழுரை தொடருமுன் ஒரு விண்ணப்பம்.

உட்காருங்கள்.

வடைத் தட்டைக் கீழே வையுங்கள், அக்கா. பரிமாற ஆள் இருக்கிறது. இது தங்கள் விழா. இம்மடல் முடியும்வரை நாங்கள் அனைவரும் நிற்போம், தாங்கள் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பீர்கள். முதலாளி நாகையா அவர்களும் நிற்க இசைந்துவிட்டார். முழங்கால் வலிக்கும் என்றார். சிறிய மடல்தான் என்று பொய் சொல்லியிருக்கிறோம்.

இதை எழுதும் பொறுப்பு மாடிப்படித் திருப்பத்தில் ரவிக்கை தைக்கும் குகனாகிய என்னிடம் வந்தது. காரணம் புலமையன்று. தையல் பொறியை நின்றுகொண்டு மிதிக்க முடியாது என்ற ஒரே காரணத்தால், நெடுங்காலம் இக்கடையில் இருக்கை பெற்றிருந்த தொழிலாளி நான் ஒருவனே. உட்கார்ந்து பழகியவன்தான் உட்கார்ந்து எழுதுவான் என்று விட்டுவிட்டார்கள். செந்தமிழ் கிழியுமிடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறேன், தொழில் அதுதானே.

பெருந்தொற்று தணிந்து கடை மீண்டும் திறந்த ஆண்டை நினைவுகூர்கிறோம். விற்பனைப் பெண்கள் காலை முதல் கடையடைக்கும்வரை நின்றேயாக வேண்டும் என்பது அன்றைய விதி. "உட்கார்ந்தா தூக்கம் வரும் லா" என்பது கண்காணிப்பாளர் கமலநாதன் அவர்களின் மருத்துவக் கருத்து. ஆகவே அலமாரியில் சாய்வார்கள், கால் மாற்றி நிற்பார்கள், உடைமாற்றும் அறையில் கொக்கியைச் சரிபார்ப்பதாகச் சொல்லித் தரையில் ஒரு நிமிடம் அமர்வார்கள். எங்கள் கடையில் அவ்வளவு கொக்கிகள் பழுதானது அதனால்தான்.

அவ்வாண்டு ரமணியின் கால்களில் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொண்டன. தொடர்ந்து நிற்கக் கூடாது என்றார் மருத்துவர். "நிக்க முடியலன்னா வீட்டுல இரும்மா" என்றார் கமலநாதன். பரிவாகத்தான் சொன்னார். ஆனால் நாளைமுதல் வராதே என்பதே அதன் பொருள் என்று, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ரமணிக்குப் புரிந்தது.

லேபர் ஆபிஸுக்குப் போகலாம் என்று நாங்கள் குதித்தோம். நான் உட்கார்ந்தபடியே குதித்தேன். தாங்கள் சொன்னீர்கள்: "போவோம். மொதல்ல சாமிகிட்ட போயிட்டு வருவோம். சட்டத்தக் காட்டினா மொதலாளி லாயரக் கூப்பிடுவாரு. சாமியக் காட்டினா யாரக் கூப்பிடுவாரு?"

வெள்ளிக்கிழமை வந்தது. கல்லாவுக்கு மேலிருந்த திருமகள் படத்துக்கு முதலாளி கற்பூரம் காட்டி முடித்ததும் கேட்டீர்கள்.

"மொதலாளி, மகாலட்சுமி எப்படி இருக்காங்க?"

"எப்படி இருக்காங்க?"

"உட்கார்ந்திருக்காங்க. நமக்கெல்லாம் சோறு போடுறவங்க உட்கார்ந்துகிட்டேதான் போடுறாங்க. உட்கார்ந்தா வியாபாரம் படுத்துடும்னா, மொதல்ல அவங்கள இல்ல எழுப்பணும்?"

அடுத்த வெள்ளிக்குள் படம் மாறிவிட்டது. லிட்டில் இந்தியா முழுக்க அலைந்து, தாமரைமேல் நிற்கும் திருமகளை வாங்கி மாட்டியிருந்தார் முதலாளி. "இப்ப என்ன சொல்றீங்க, இராஜம்மா?" என்று மீசைக்குள் சிரித்தார். அந்தப் படத்தைத் தேடிய அக்கறையில் பாதியை ஸ்டூல் தேடக் காட்டியிருக்கலாம் என்று எண்ணினோம். எண்ணியதோடு சரி, வாய் திறக்கவில்லை.

தாங்களும் திறக்கவில்லை. நேரே படியேறி வந்தீர்கள். "குகா, எந்திரி." நான் அமர்ந்திருந்த மரஸ்டூலைத் தூக்கிப்போய்ப் படத்துக்குக் கீழே போட்டு, மஞ்சள் ரவிக்கைத்துணி விரித்து, ஒரு செவ்வந்தியை வைத்தீர்கள். "பாவம், காலையிலேர்ந்து நிக்கிறாங்க. தாயாருக்கும் கால் வலிக்கும்ல."

தெய்வத்துக்கு இட்ட ஆசனத்தை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? கமலநாதன் அவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மிதிக்க முடியாத பொறியின் சக்கரத்தைக் கையால் சுழற்றி நான் நின்றபடி தைத்தேன். அன்று தைத்த ரவிக்கைகளில் ஒரு கை மற்றொரு கையைவிட நீளம், உடுத்தியோர் பொறுத்தருள்க. நிற்பது என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிற்பகலுக்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். மனத்தில் இருந்ததைச் சொன்னார்: "வெளையாட்டு போதும், இராஜம்மா. கஸ்டமர்தான் தெய்வம்னு சொல்லித்தான் எங்கப்பா இந்தக் கடையக் குடுத்தாரு. தெய்வம் படியேறி வரும்போது நாம உட்கார்ந்திருக்கலாமா?"

அவர் கேட்டது எங்களுக்கே நியாயமாகப் பட்டது.

"வரும்போது எந்திரிச்சு நிப்போம், மொதலாளி. அதுல கொறை வராது. ஆனா கோயில்ல சாமி கும்பிட்டு முடிச்சதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவேன்."

"ஏன்?"

"உட்காராம வந்தா கும்பிட்ட பலன் இல்லன்னு அம்மா சொல்லும்."

"நாங்க காலையிலேர்ந்து எத்தனையோ தெய்வத்தக் கும்பிட்டுட்டோம், மொதலாளி. இன்னும் ஒரு தடவகூட உட்காரல."

கமலநாதன் அவர்கள் மின்விசிறியை ஆராய்ந்தார். முதலாளி அந்த மஞ்சள் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, "சரி, ரமணிக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம்" என்றார். நாங்களாயிருந்தால் அங்கேயே விழுந்து கும்பிட்டிருப்போம். தாங்கள் அசையவில்லை.

"ரமணிக்கு மட்டும் போட்டா அது சீக்காளி ஸ்டூலு. நாளைக்கு அதையே காட்டி அவள வீட்டுக்கு அனுப்பிடலாம். எல்லாருக்கும் போடுங்க. இல்லன்னா ரமணியோட நானும் வீட்டுல இருந்துக்கிறேன்."

திங்கட்கிழமை லோரி வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள், ஒவ்வொரு பிரிவுக்கும். தீபாவளி வியாபாரம் படுக்கவில்லை; அதை முதலாளியே ஊரெல்லாம் சொன்னார், ஸ்டூல் தம் யோசனை என்றும் சேர்த்துச் சொன்னார். தாங்கள் மறுக்கவில்லை. ரமணி இன்றும் எங்களோடு இருக்கிறார். இதோ, இரண்டாவது வரிசையில் நிற்கிறார். இன்று ஒருநாள் மட்டும், அவரே கேட்டுக்கொண்டதால்.

அறம் உரைத்த அன்னையே! ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. அந்நாள்முதல் தாங்கள் அமர்ந்து நாங்கள் கண்டதில்லை. தங்கள் ஸ்டூலில் கிழவிகள் அமர்ந்தார்கள், கைப்பிள்ளைக்காரிகள் அமர்ந்தார்கள், மனைவி சேலை தேர்ந்தெடுக்கும் யுகத்தைக் கடக்கக் கணவன்மார் அமர்ந்தார்கள். ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "நான் உட்கார்ந்தா எனக்காகக் கேட்டேன்னு ஆயிடும்டா" என்றீர்கள். தங்கள் கால்களும் ரமணியின் கால்களைப் போலத்தான் என்பதைச் சேலைக்கரை வாடிக்கையாளரிடமிருந்து மறைத்தது, எங்களிடமிருந்து மறைக்கவில்லை.

இன்றோடு ஓய்வு, இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. எனவே ஓர் உண்மை சொல்கிறோம், பதறி எழாதீர்கள். தாங்கள் இப்போது அமர்ந்திருப்பது அந்த மரஸ்டூல். அன்றுமுதல் பூவைத் தவிர வேறெதுவும் அமராத அதே ஸ்டூல். இன்று காலை தாயாரிடம் உத்தரவு கேட்டு, அவருக்குப் புதியதொன்று போட்டுவிட்டு எடுத்தோம். கேட்டது ரமணி: "அக்கா இத்தன வருசமா கும்பிட்டு முடிச்சுட்டாங்க, தாயே. போறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்காரட்டும்." தாயார் மறுத்ததாகத் தெரியவில்லை. ஸ்டூல் இனி தங்களுடையது. பண்டமாரானிலுள்ள தங்கள் வீட்டுக்கு முதலாளியின் காரிலேயே வரும்.

நரம்பு தளராமல், நடை தளராமல், நல்லோர் சூழ நெடுநாள் வாழ்க! பிறர் காப்பி கொண்டுவரும்வரை காத்திருக்கும் அரிய கலையைத் தாங்கள் இனியேனும் கற்றுத் தேர்க! முப்பத்தோராண்டு கும்பிட்ட பலன் முழுவதும் தங்களையே சேர்க!

மடல் முடிந்தது. எழுந்திருக்க வேண்டாம், அக்கா. கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலை நாங்களே கொண்டுவந்து தங்கள் மடியில் வைக்கிறோம்.

நின்றபடி,
செந்திரு துணிமாளிகைப் பணியாளர்கள்,
கிள்ளான்