நீல விளிம்பு

அந்தப் பெட்டிகளை வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன் அம்மா. ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லி வந்தேன். பெரிய கடைகளில் பேட்டரிக்கும் பல்பசைக்கும் நடுவில் அடுக்கி வைத்திருப்பார்களே, கால்பந்து வீரர்கள் படம் போட்ட பெட்டி, அதுதான். உள்ளே சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்குள் வீரர்களின் அட்டைகள். எப்போதாவது ஒன்றில் வீரரே கையெழுத்துப் போட்ட அட்டை இருக்கும். மற்றவர்களெல்லாம் பெற்ற தாய்க்கு மட்டும் பெயர் தெரிந்த ஆட்கள்.

கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். போலீஸ் வேலை என்றால் சும்மாவா.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு அவருக்கு இந்த அட்டைகள்தான் உலகம். சனிக்கிழமை பெட்டி வாங்கி வருவார். உடனே பிரிக்க மாட்டார். மறுநாள் மத்தியானம் அவர் தம்பி வந்ததும் மேஜையில் துணி விரித்து, நகம் வெட்டி, கை கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். அவர் தேடியது ஒரே ஒருவரை. வாலிபத்தில் அவர் பார்த்து வாய் பிளந்த ஒரு கோல்கீப்பர். பழைய ஆட்கள் கையெழுத்துப் போட்ட அட்டையும் அதில் வருமாம்.

ஒரு தடவை யாரோ ஒரு பொடியனின் கையெழுத்து வந்தது. அண்ணனும் தம்பியும் அதை எல்லாருக்கும் காட்டுவதற்கு அப்போதே கிளம்பிவிட்டார்கள். சமைத்ததை நான் தனியாகச் சாப்பிட்டேன். ஒன்றும் வராத ஞாயிறு அப்படியில்லை. தம்பி போனதும் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். தோளில் தலையைச் சாய்த்து, “நீ சொன்னதுதான் சரி. எல்லாம் குப்பை,” என்பார். எங்கள் வாழ்க்கையில் நான் சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். எது எவ்வளவு சூடு தாங்கும் என்று கைக்கே தெரியும். பெட்டியின் அடிப்பக்கப் பசை இளஞ்சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். பாக்கெட்டின் முதுகில் ஒட்டிய இடமும் அப்படித்தான். மூடும்போது மேலே ஒரு காகிதம் வைத்து இஸ்திரிப்பெட்டியின் மூக்கால் ஒரு தடவு தடவினால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் நடக்கப் போகும் நேரத்தில் செய்வேன். நல்ல அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதா அட்டை. திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். எதுவும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அலமாரியில் போர்வை மடிப்புக்குள்தான் இருந்தது.

கோல்கீப்பர் போன வருடமே வந்துவிட்டார். அவரையும் போர்வைக்குள் படுக்க வைத்தேன்.

வினை கொழுந்தன் ரூபத்தில் வந்தது. “அண்ணே, இன்னும் எத்தனை பெட்டிக்குத் தண்டம் அழப் போற? உனக்கு வேண்டிய ஆளோட அட்டையை ஞாயித்துக்கிழமை சந்தையில தனியாவே விக்கிறாங்க. வாங்கிட்டு ஆள விடு.”

“அது எவனோ பிடிச்ச மீனை வாங்கிட்டு வந்து, நான் பிடிச்சேன்னு சொல்ற மாதிரிடா.”

“ஆமா, நீ பிடிச்சதெல்லாம் தவளை. அண்ணி, நீங்களாவது சொல்லுங்க.”

நான் என்ன சொல்வேன். பெட்டி வீண் என்று இத்தனை நாளும் பாடியவள் நான்தானே. அவர் யோசித்துவிட்டு, “சரிடா, அடுத்த வாரம்தான் கடைசிப் பெட்டி. அப்புறம் ஞாயித்துக்கிழமையில உன்கூடச் சந்தைக்கே வந்துடறேன்,” என்றார்.

பெட்டி இல்லையென்றால் ஏமாற்றம் இல்லை. ஏமாற்றம் இல்லையென்றால் அடுப்படிக்கு எதற்கு வருகிறார்? அதனால்தான் அந்தச் சனிக்கிழமை கோல்கீப்பரை எழுப்பிப் பாக்கெட்டுக்குள் வைத்தேன். பெட்டி வாங்குவதற்கும் பலன் உண்டு என்று அவர் நம்பவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் கொழுந்தன் வரத் தாமதமாகும் என்று போன் வந்தது. இவருக்குப் பொறுக்கவில்லை, பிரித்துவிட்டார். கத்தவில்லை. “இங்க வாயேன்,” என்றார், குழந்தையைத் தூங்க வைத்தவர் கூப்பிடுகிற மாதிரி. அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அவர் அட்டையைத் திருப்பினார்.

நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை அம்மா. இந்த வருடத்து அட்டைகளுக்குப் பின்பக்க விளிம்பு சிவப்பாம். போன வருடத்துக்கு நீலம். மேஜை முழுக்கச் சிவப்பு, அவர் கையில் மட்டும் நீலம். “இது போன வருஷத்து அட்டையாச்சே,” என்றார். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மூலையிலிருந்த இஸ்திரி மேஜையைப் பார்த்தார். அப்புறம் என்னை.

“நீயா?”

அதைக் கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் என் பொறுப்பில்தான் இருக்கும். அவருக்கு மறதி. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

“தர்றேன். முதல்ல கோபம் இல்லைன்னு சொல்லுங்க.”

“மாத்திரை குடு.”

“ஒரு வார்த்தைதானே கேக்கறேன்.”

அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நானே விளக்கிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி, தனியாகச் சாப்பிட்டதைப் பற்றி. சொல்ல நிறைய இருந்தது, அதுவரை யாரும் கேட்டதில்லை. நடுவில் கொழுந்தன் கதவைத் தட்டினான், அண்ணி, அண்ணி என்று. கணவனோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது மரியாதையா? முடித்துவிட்டுத்தான் திறந்தேன். அவன் முதலில் அண்ணனைப் பார்த்தான், பிறகு நீல விளிம்பை, பிறகு என் உள்ளங்கையில் வியர்வையில் கரைந்து கிடந்த மாத்திரையை.

ஆமாம், கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். டாக்டர் உங்களிடம் சொன்னது சரிதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் அம்மா. அவர் என்மேல் கோபத்தோடு போகவில்லை. கடைசியில் என் தோளில்தான் சாய்ந்தார்.